அளவு ஜாக்கெட்டும் ஐந்தாவது புள்ளியும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். பூந்தமல்லியை ஒட்டிய பாரிவாக்கத்தில், பூட்டிக் கிடந்த ஒரு தையல்கார அக்காவின் வீட்டு வாசலில் கையில் துணிப்பையோடு எரிச்சலாக நின்றுகொண்டிருந்தேன். பைக்குள் என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையின் ஜாக்கெட் துணியும், அளவுக்காகப் பழைய ஜாக்கெட் ஒன்றும் இருந்தன. அம்பத்தூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் எதிர்வீட்டு அம்மாதான், "அவ கை வச்சா உடம்புல ஒட்ன மாதிரி உக்காரும், போய்ப் பாரு" என்று அனுப்பி வைத்திருந்தார். ஜாக்கெட்டை நீட்டினோமா, கிளம்பினோமா என்று இருக்க வேண்டும் என்பது என் திட்டம். வந்து பார்த்தால் பூட்டு.

கதவில் தையல் சாக்கட்டியால் எழுதியிருந்தது. "பைப்பு வேலைக்கு போயிருக்கேன். அவசரம்னா அங்க வரவும்." அங்க என்றால் எங்க? எனக்குப் பொதுவாகவே பொறுமை கம்மி. ஸ்டாண்டை உதைத்து ஸ்கூட்டியைக் கிளப்பப் போனபோது, பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண், "தெரு முக்குல போய் ரோட்டத் தாண்டு மா. எல்லாரும் அங்கதான் கீறாங்க" என்றாள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. வேறு வழியில்லாமல் போனேன்.

போன இடத்தில் நடந்ததைச் சொல்வதற்கு முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தேனிப் பக்கம் இருக்கும் என் அம்மாவிடம் யாராவது கேட்டால், "அவ கம்ப்யூட்டர்ல கலர் அடிக்கிறா" என்பார். அதில் பெரிய தப்பும் இல்லை. ஓர் இடத்தில் அடுக்குமாடியோ கிடங்கோ கட்ட வேண்டும் என்றால், அதற்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். செயற்கைக்கோள் படம், நிலத்தின் மேடு பள்ளம், ஏரி, சாலை, வீடுகள் எல்லாவற்றையும் வரைபட மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், அங்கே கட்டடம் வந்தால் அக்கம்பக்கத்துக்கு என்ன ஆகும் என்று அது கோடு கோடாகக் காட்டும். பாதிப்பு இல்லாத இடம் பச்சை, ஆபத்தான இடம் சிவப்பு. எட்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். நன்றாகச் செய்கிறேன் என்ற மிதப்பும் அப்போது நிறையவே இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கட்டாய வழக்கம் உண்டு. வரைபடம் முடிந்ததும் அதில் ஐந்து புள்ளிகளைக் குறித்து, அந்த ஐந்து இடத்துக்கும் நேரில் போய் நின்று, படம் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் "நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாதம் பாரிவாக்கத்தில் ஒரு காலி மனையைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான்கு அடி மண் கொட்டி உயர்த்தி, அதன்மேல் அடுக்குமாடி கட்டுவதாகத் திட்டம். பைபாஸ் பக்கமாக வந்து நான்கு புள்ளிகளை ஒழுங்காகப் பார்த்துவிட்டேன். ஐந்தாவது, மனை ஓரமாகப் போகும் சாலையின் கரையில், சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவில் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கல்யாண ஜவுளி எடுக்க ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம், நான்கு மணிக்குப் புடவைக் கடைக்கு வருவதாக வேறு சொல்லியிருந்தேன். ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே முள்செடியை ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். புதருக்குள் புதையலா இருக்கப் போகிறது?

மறுநாள் அதன் கீழும் "நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதினேன். மனை முழுக்கப் பச்சை. "சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குப் பாதிப்பு இல்லை" என்று கடைசி வரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறிக்கை கட்டுமானக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை அவர்கள் அதை அனுமதிக்கான விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுப்பதாக இருந்தார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாலையைத் தாண்டினால் முப்பது நாற்பது பேர் கரைக்குக் கீழே இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெட்டிய முள் ஒரு பக்கம் குவிந்திருந்தது. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று, கையால் பிளாஸ்டிக் பைகளை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்தான் தையல்கார அக்கா. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"அக்கா, ஜாக்கெட் குடுக்கணும். எதிர்வீட்டம்மா அனுப்புனாங்க" என்றேன்.

"பத்து நிமிசம் நில்லு மா" என்றார், நிமிராமல். "சும்மா நிக்கறதுக்கு அந்தச் சட்டியப் புடி."

எப்படி மறுப்பது? துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரும்புச் சட்டியை வாங்கினேன். அவர் சேற்றை அள்ளிப் போட, நான் கொண்டுபோய்க் கொட்ட, பத்து நிமிடம் அரை மணியானது. நல்ல சுடிதார் நாசமானது. அப்புறம்தான் முள்ளெல்லாம் போய் அந்த இடம் வெளிச்சமாகத் தெரிந்தது. சாலைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய சிமெண்ட் குழாயின் வாய். அதற்கு நேர் எதிரே ஒரு காலி மனை. அதில் ஒரு போர்டு. அந்த போர்டை நான் பார்த்திருக்கிறேன்.

போனை எடுத்து எங்கள் வரைபடத்தைத் திறந்தேன். நான் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் பொட்டு, ஐந்தாவது புள்ளியின் மேல் அச்சாக உட்கார்ந்திருந்தது.

என் வரைபடத்தில் அங்கே குழாய் என்று ஒன்று இல்லவே இல்லை. மேடு பள்ளத்தை மேலிருந்து பார்க்கும் மென்பொருளுக்குச் சாலை ஒரு சுவர். சுவருக்கு அடியில் ஓட்டை இருப்பதை யாராவது நேரில் போய்ப் பார்த்துச் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அதனால் தெருத் தண்ணீர் சாலையில் முட்டி, இடது பக்கம் திரும்பி, சாலை ஓரமாகவே ஏரிக்குப் போய்விடுகிறது என்று அது கோடு போட்டிருந்தது. நானும் நம்பியிருந்தேன்.

பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற ஷேர் ஆட்டோக்காரரிடம் கேட்டேன். அவர் நின்று நிதானமாகச் சொன்னார். "மழ வந்தா எங்க தெருத் தண்ணி மொத்தமும் இந்தக் குழா வழியாதான் ரோட்டத் தாண்டி அந்தக் காலி எடத்துக்குப் போவும். அங்கேர்ந்து ஏரிக்கு. ஒரு வருசம் இது அடச்சிகிச்சு. ஆறு நாளு ஊட்டுக்குள்ள தண்ணி. அதுலேர்ந்து தீபாளிக்கு முந்துன ஞாயித்துக்கெயம, ஊட்டுக்கு ஒரு ஆளு வந்து தூரு வாரிடணும். அது எங்க தெரு சட்டம்."

"அந்த இடத்துல கட்டடம் வரப் போகுதாமேண்ணா" என்றேன்.

"ஆமா. வாட்ச்மேன கேட்டேன். அதெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாச்சு, யாருக்கும் ஒண்ணியும் ஆவாதுன்றான். கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, அப்பறம் நம்ம இன்னா சொல்றது."

அந்தக் கம்ப்யூட்டர் நான்தான். சட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். இவர்கள் வீடுகள் என் வரைபடத்தில் நாற்பது சின்னச் சதுரங்கள். அவற்றின் மேல் நான் பச்சை அடித்திருந்தேன்.

வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனோம். கை கால் கழுவிவிட்டு அவர் கதவைத் திறந்தார். உள்ளே போனதும் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. பீரோ செங்கல் மேல் நின்றது. பிரிட்ஜ் செங்கல் மேல். கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல். தையல் மிஷினுக்கு மட்டும் காலுக்கு மூன்று செங்கல். அதற்கேற்ற மாதிரி உயரமான ஒரு ஸ்டூல்.

பழைய ஜாக்கெட்டை நீட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது எத்தினி வருசத்துது?"

"நாலு வருஷம் இருக்கும்க்கா."

"நாலு வருசத்துக்கு மின்ன இருந்த ஒடம்பா இப்ப கீது?" ஜாக்கெட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "நான் அளவு ஜாக்கெட்ட வச்சி தைக்கிறது இல்ல மா. ஆளு நேர்ல நிக்கணும். கையத் தூக்கு."

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார். கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். தோள், மார்பு, கை என்று ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் எழுதினார். ஒரே அளவை இரண்டு தடவை எடுத்தார். ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு பார்க்கிறாரே என்று தோன்றியதுதான் தாமதம், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கையைத் தூக்கிய நிலையிலேயே அழுதேன்.

"இன்னா ஆச்சு, டேப்பு இறுக்கிடுச்சா?" என்றார் பதறி.

எல்லாவற்றையும் சொன்னேன். போகாத இடத்துக்குப் போனதாகக் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்தே சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆறு நாளு," என்றார் பிறகு. "மிஷினு மோட்டாரு போச்சு. என் பொண்ணு பப்ளிக் பரிச்ச எய்துற வருசம். நோட்டு புக்கெல்லாம் ஊறி உப்பிகிச்சு. பக்கத்து ஊட்ல கட்லோட கெடந்த ஆள நாலு பேரு தூக்கினு போனாங்க. நீ பாட்டுக்கு ஏசி ரூம்ல குந்திகினு ஒரு வரி எய்திட்டு போயிட்ட."

வெளியே போ என்று சொல்லியிருந்தாலும் நியாயம்தான். தெருவைக் கூட்டியிருந்தாலும் நியாயம்தான். அவர் எழுந்து டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"எவ்ளோ ஒயரம் மண்ணு கொட்றாங்க?"

"நாலு அடி."

"வா."

திரும்பவும் குழாய்க்குப் போனோம். மற்றவர்கள் எல்லாரும் கலைந்திருந்தார்கள். அவர் சேற்றில் இறங்கி, குழாயின் அடிவிளிம்பில் டேப்பின் நுனியை வைத்து, மேல்விளிம்பில் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். "முப்பத்தாறு இஞ்சு. போட்டோ எடு." எடுத்தேன். அகலத்தையும் அளந்தார். குழாயின் மேலிருந்து சாலை வரைக்கும் அளந்தார். எல்லாவற்றுக்கும் படம் எடுக்கச் சொன்னார். கணக்குப் போட அவருக்கு எந்த மென்பொருளும் வேண்டியிருக்கவில்லை. "நாலு அடின்னா நாப்பத்தெட்டு. குழா முப்பத்தாறு. வாய மூடிட்டு அதும்மேல ஒரு அடி மண்ணு நிக்கும். அப்பறம் எங்க தெருவுக்கு வயியே இல்ல."

கரையேறும்போது, "தெருவுல சொல்லிடுவீங்களாக்கா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்த நேரத்திலும் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

"சொன்னா ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. பேசிட்டா தண்ணி போயிடுமா?" என்றார். "நீயா வந்து சொன்ன பாரு, அத்தினியாவது கீதே. நாளைக்கி போய் மாத்து. மாத்தலன்னு வச்சிக்கோ, ஒன் ஆபீஸ் வாசல்ல மிஷினத் தூக்கினு வந்து குந்திடுவேன். ஜாக்கெட்டு புதங்கெயம வந்து வாங்கிக்க."

திங்கட்கிழமை காலை மேலாளர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். கறாரான மனிதர். அறிக்கையில் ஒரு கமா தப்பாக இருந்தால்கூட வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறவர். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். படங்களைக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவையா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அது உண்மை. உடனே கட்டுமானக்காரர்களுக்குப் போன் போட்டார். "எங்க அறிக்கையில ஒரு பிழை இருக்கு. இன்னைக்குக் கொடுக்காதீங்க. திருத்தித் தரோம்" என்றார். எதிர்ப்பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. "எங்க பிழை" என்றுதான் கடைசிவரை சொன்னாரே தவிர, என் பெயரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

இருக்கைக்கு வந்து வரைபடத்தைத் திறந்தேன். சாலையில் குழாய் இருக்கும் இடத்தில் ஒரு வழி வெட்டிவிட்டேன். முப்பத்தாறு அங்குலம். தண்ணீர்க் கோடு இந்த முறை இடது பக்கம் திரும்பவில்லை. நேராக மனைக்குள் புகுந்து ஏரிக்குப் போனது. பிறகு மனையில் நான்கு அடி மண்ணைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். நாற்பது வீடுகளும் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. அதில் எந்தச் சதுரத்தில் காலுக்கு மூன்று செங்கல் வைத்த தையல் மிஷின் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

தண்டனை இல்லாமல் போகவில்லை. ஆறு மாதத்துக்கு நான் போய் வந்த புள்ளிகளுக்கெல்லாம் பின்னாடியே இன்னொருவர் போய்ச் சரிபார்த்தார். அலுவலகத்தில் எல்லாருக்கும் காரணம் தெரியும். அது வேண்டியதுதான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கட்டுமானக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள், வேறு அலுவலகத்துக்குப் போவோம் என்றார்கள். மேலாளர் அசையவில்லை. கடைசியில் கார் நிறுத்தும் இடத்தை மறுபக்கம் மாற்றி, குழாய் வாயிலிருந்து மனையின் அடுத்த எல்லை வரை ஒரு வாய்க்காலுக்கு இடம் விட்டு, புதுப் படம் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தப் புதன்கிழமை ஜாக்கெட் வாங்கப் போனபோது, "மாத்திட்டியா?" என்பதுதான் அக்காவின் முதல் கேள்வி. திருத்திய அறிக்கையைப் போனில் காட்டினேன். ஐந்தாவது புள்ளியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், "இன்னா மா, என் வெரலு இவ்ளோ கலீஜா கீது. கய்வினு வந்துருப்பேன்ல" என்று சிரித்தார். ஜாக்கெட் அச்சாகப் பொருந்தியது. கல்யாணத்தில் நாலு பேர் யார் தைத்தது என்று கேட்டார்கள்.

மனையில் மண் கொட்டியது அடுத்த வருடம். அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. வேலை ஓடவில்லை. வரைபடத்தில் எத்தனைதான் சரிபார்த்திருந்தாலும், மழை வந்து சொன்னால்தானே உண்மை? மூன்றாம் நாள் காலை அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. "தண்ணி வந்துச்சு மா. போயிடுச்சு. வாசப்படிகூட ஏறல. செங்கல்லுக்கு வேலயே இல்ல." அலுவலக மாடிப்படியில் நின்று அதை நான்கு தடவை கேட்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இப்போதும் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாரிவாக்கம் போய்விடுவேன். வீட்டுக்கு ஒரு ஆள் என்ற கணக்கில் நான் யார் வீட்டு ஆள் என்று ஷேர் ஆட்டோக்காரர் கேட்டதற்கு, "என் ஊட்டு ஆளுதான்" என்று அக்கா சொல்லிவிட்டார். அந்தக் கம்ப்யூட்டர் யார் என்று ஆட்டோக்காரரிடம் நானே போன வருடம் சொன்னேன். சட்டியை என் கையில் கொடுத்து, "அப்ப நீ ரெண்டு சட்டி எக்ஸ்ட்ராவா அள்ளு" என்றார்.

அந்தப் பழைய அளவு ஜாக்கெட் இன்று என் அலுவலக மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது. "நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதும் ஒவ்வொரு முறையும் ஐந்தாவது புள்ளியின் படத்தில் டேப்பை அழுத்திப் பிடித்திருக்கும் சேறு படிந்த பெருவிரல் நினைவுக்கு வரும். என்னைத் துரத்திவிட எல்லா நியாயமும் இருந்தும் என்னோடு சேற்றில் இறங்கிய அந்தக் கைக்கு, நான் போய் நின்று பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் மனசுக்குள் நன்றி சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.